குடிலன் வேடத்தைக் கேட்கலாமா, டீச்சர்?

கேள்வி:

வணக்கம் டீச்சர். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறோம். முன்பு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தோம். அப்பா செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். அம்மா தொழிற்சாலையில் வேலை செய்கிறார். நான் படிவம் 4. எஸ்.பி.எம். அரசுத் தேர்வில் தமிழ் இலக்கியமும் எடுத்தே ஆக வேண்டும் என்று அம்மா என்னை ஒரு சனிக்கிழமை வகுப்பில் சேர்த்துவிட்டார். எனக்கு விருப்பமே இல்லை. ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் நடத்துகிறார். ரொம்பக் கண்டிப்பு. பாடநூலோடு நிறுத்தினால் பரவாயில்லை. மனோன்மணீயம், ஷேக்ஸ்பியரின் மெக்பெத் என்று பழைய நாடகங்களை எல்லாம் எழுந்து நின்று உரக்க வாசிக்க வைக்கிறார். ழகரம் தவறினால் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். போன மாதம் எல்லார் முன்னாலும் "தோட்டத்து வாய்டா உனக்கு" என்று சொல்லிவிட்டார். அன்றே நின்றுவிட நினைத்தேன். ஆனால் மனோன்மணீயத்தில் வில்லனாக வரும் அமைச்சன் குடிலன் தனியாகப் பேசுகிற இடம் மனதை விட்டுப் போகவில்லை. குளிக்கும்போதுகூட அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆண்டு இறுதியில் சில காட்சிகளை மேடையேற்றப் போகிறார். எனக்குச் சேவகன் வேடம், நான்கே வரி. குடிலன் வேடம் வேறொருவனுக்குப் போய்விட்டது. அப்பா "நாடகம் சோறு போடுமா?" என்கிறார். கூட்டாளிகள் என்னை "ராஜபார்ட்" என்று கூப்பிடுகிறார்கள். நான் நின்றுவிடலாமா, தொடரலாமா? குடிலன் வேடத்தைக் கேட்கலாமா?

பதில்:

தம்பி, நீ நிஜமாகக் கேட்க வந்தது கடைசி வரியில் இருக்கிறது. வகுப்பை விட்டு நிற்கப் போகிறவன், அடுத்தவனுக்குப் போன வேடத்தை நினைத்துப் புழுங்க மாட்டான். ஆகவே தொடர்வது என்று நீயே முடிவு செய்துவிட்டதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஐயா சொன்ன அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. அதற்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன்.

முதலில் குடிலன். வில்லனைப் பிடித்துப்போனதில் உனக்கு ஒரு கூச்சம் இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. கூச்சப்பட ஒன்றுமில்லை. என் கணிப்பில் மனோன்மணீயத்தில் முழு உயிரோடு நடமாடுகிறவன் அவன்தான். மனோன்மணியும் புருடோத்தமனும் ஒருவரை ஒருவர் கனவில் கண்டு காதலிக்கிறவர்கள்; அவர்கள் பேசும் இடங்கள் எனக்கு இன்றும் கொஞ்சம் சலிப்புத்தான். ஜீவக மன்னன் நல்லவன், ஆனால் காதில் யார் கடைசியாகப் பேசினாரோ அவர் பக்கம் சாய்கிறவன். மதுரையை விட்டுத் திருநெல்வேலிக்குப் போய்க் கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சுந்தர முனிவர் ஓசைப்படாமல் சுரங்கம் தோண்டுகிறார். இவர்கள் எல்லாருக்கும் நடப்பதில் பாதிதான் தெரியும். குடிலன் மட்டும் தனியே நின்று தன் கணக்கைச் சொல்கிறான், அதைக் கேட்க நீ ஒருவன்தான் இருக்கிறாய். அரண்மனையில் யாருக்கும் தெரியாதது உனக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த நிமிடமே நீ அவனுக்குக் கூட்டாளி ஆகிவிடுகிறாய். தனிமொழி என்று பாடநூலில் குறிப்பெழுத வைப்பார்களே, அது செய்கிற வேலை இதுதான். நல்லவர்களுக்கு ஒளிக்க ஒன்றும் இல்லாததால் அவர்களுடைய தனிமொழி பெரும்பாலும் புலம்பலாகப் போய்விடும். கெட்டவனுக்கு ஒளிக்க நிறைய இருப்பதால் சுவாரசியம்.

ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவில் இயாகோ என்று ஒருவன் வருகிறான். அவனும் இதே ஜாதி. படித்தவர்கள் குடிலனை அவனோடுதான் ஒப்பிடுவார்கள். மெக்பெத் வேறு ரகம். தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த அரசனைக் கொல்வதற்கு முன்பே அவனுக்கு நடுக்கம் வந்துவிடுகிறது, கண்ணுக்கு முன்னால் கத்தி தொங்குவதுபோலத் தெரிகிறது. குடிலனுக்கு அப்படி ஒன்றும் தொங்குவதில்லை. இரண்டு பேருக்கும் ஆசை ஒன்றுதான், அரியணை. ஒருவனுக்கு மனசாட்சி பேசிக்கொண்டே இருக்கிறது, மற்றவனுக்கு அது வாயே திறப்பதில்லை. இந்த இரண்டு நாடகங்களையும் உன் ஐயா அடுத்தடுத்து வைத்து நடத்துகிறார் என்றால், கண்டிப்பு ஒருபுறம் இருக்கட்டும், மனிதர் கெட்டிக்காரர். ஏனென்றால் மனோன்மணீயத்தின் எலும்புக்கூடே ஷேக்ஸ்பியர் பாணிதான். எழுதியவர் பெ. சுந்தரம் பிள்ளை, திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். லிட்டன் என்ற ஆங்கிலேயரின் ஒரு கவிதைக் கதையை எடுத்து, அதை நெல்லைச் சீமைக்குக் கொண்டுவந்து, 5 அங்கம் 20 களமாக விரித்து 1891-இல் வெளியிட்டார். இன்னொன்றும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் மலேசிய நிகழ்ச்சிகளில் தமிழ் வாழ்த்தாகச் சீனி நைனா முகம்மதுவின் "காப்பியனை ஈன்றவளே" பாடுகிறோம். தமிழ்நாட்டில் 1970 முதல் பாடும் "நீராருங் கடலுடுத்த" நீ திட்டிக்கொண்டே வாசிக்கும் இந்தப் புத்தகத்தின் பாயிரத்தில்தான் இருக்கிறது.

நாடகம் உன்னைப் படுத்துகிறது என்றால் அது உன் மண்டையின் குறை இல்லை. மெக்பெத் 1606 வாக்கில் மேடைக்காக எழுதப்பட்டது. அது அச்சில் வந்தது 1623-இல், எழுதியவர் இறந்து 7 ஆண்டு கழித்து. அதுவரை அது நடிகர்களின் வாயில்தான் இருந்தது. மனோன்மணீயத்தின் கதை நேர் எதிர். படித்து ரசிப்பதற்காக எழுதிய நாடகம், நேராகப் புத்தகமாக வந்துவிட்டது. அதனால் பேச்சுகள் நீளம், செய்யுள் கனம். அதை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் பதினாறு வயதுப் பையனுக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும். எனக்கும் வாங்கும்.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன். நாடகத்தின் பெரும்பகுதி ஆசிரியப்பாவில் ஓடுகிறது, அடிக்கு நான்கு சீர். வகுப்பில் பையன்கள் செய்யும் பெரிய தப்பு ஒவ்வோர் அடியின் கடைசியிலும் நின்றுவிடுவது. நின்றால் வாய்பாடு ஒப்பிப்பதுபோல ஆகிவிடும், பொருளும் துண்டு துண்டாகப் போகும். அடி முடிந்ததா என்று பார்க்காதே, பேச்சு முடிந்ததா என்று பார். நீ பேச வேண்டிய பகுதியை முதலில் பென்சிலால் சந்தி பிரித்து எழுது. பிறகு கருத்து முடிகிற இடத்தில் மட்டும் ஒரு கோடு போடு. அந்தக் கோடுதான் மூச்சு விடும் இடம். அடுத்து, அந்தப் பகுதியை நம் வீட்டுப் பேச்சில் ஒருமுறை சொல்லிப் பார். "இந்த ராஜாவ நம்புனா ஆவாது, நாமளே ஆள வேண்டியதுதான்" என்கிற மாதிரி. சிரிப்பு வரும், வரட்டும். அப்போதுதான் எந்தச் சொல்லில் அழுத்தம் விழ வேண்டும் என்று வாய்க்குத் தெரியும். அதன் பிறகு செய்யுளுக்குத் திரும்பு. அழுத்தம் தானாக வந்து உட்காரும். வீட்டுப் பேச்சில் சொல்லிப் பார்த்ததை ஐயாவிடம் சொல்ல வேண்டியதில்லை. அவருக்குப் பிடிக்காமல் போகலாம்.

மனப்பாடம் செய்ய ஷேக்ஸ்பியர் காலத்து நடிகர்களின் முறை ஒன்று இருக்கிறது. அவர்களில் யார் கையிலும் முழு நாடகம் கொடுக்கப்படுவதில்லை. எல்லாவற்றையும் கையால் படியெடுக்க வேண்டிய காலம், தாளும் விலை. அதனால் ஒவ்வொருவருக்கும் அவரவர் பேச்சை மட்டும் எழுதி, அதற்கு முன்னால் பேசுகிறவரின் கடைசி இரண்டு மூன்று சொற்களையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சொற்கள் காதில் விழும்வரை காத்திருந்து பேச வேண்டும். காது தீட்டியே ஆக வேண்டும், வேறு வழி கிடையாது. நீயும் உன் நான்கு வரியை அப்படி எழுதி வைத்துக்கொள். மற்றவன் பேசும்போது உன் தாளைப் பார்க்காதே, அவன் முகத்தைப் பார். பள்ளி நாடகங்களில் முக்கால்வாசிப் பேர் தங்கள் முறை வரும்வரை சும்மா நிற்பார்கள். நிஜமாகக் காது கொடுக்கிறவன் மேல் பார்க்கிறவர்களின் கண் தானாகப் போகும்.

மெக்பெத்தின் ஆங்கிலம் கடினமாக இருந்தால் பம்மல் சம்பந்த முதலியார் அதைத் தமிழ்ச் சூழலுக்கு மாற்றி மகபதி என்ற பெயரில் எழுதியிருக்கிறார். ஹாம்லெட் அவர் கையில் அமலாதித்யன் ஆனது, வெனிஸ் நகர வணிகன் வாணிபுர வணிகன் ஆனது. இன்று வாசித்தால் நடை கொஞ்சம் பழசாகத் தெரியும், ஆனால் பேச்சு உரைநடையில் இருப்பதால் கதையும் காட்சியும் சீக்கிரம் பிடிபடும். மனோன்மணீயம் மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, கைப்பேசியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஐயா விஷயத்துக்கு வருகிறேன்.

கண்டிப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று வேலையின் மேல் விழுவது, மற்றது ஆளின் மேல் விழுவது. எழுந்து நில், உரக்கச் சொல், தப்பினால் முதலிலிருந்து வா என்பதெல்லாம் முதல் வகை. இவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். தமிழ் நாடகத்தில் இந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசையில் தரை டிக்கெட்டுக்கு உட்கார்ந்திருந்தவனுக்கும் வசனம் கேட்க வேண்டும், பாட்டும் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் கூச்சல் போடுவான். அதனால் குரலையும் உச்சரிப்பையும் சின்ன வயதிலேயே பழக்கினார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் பையன்களை மட்டும் வைத்து ஒரு நாடகக் குழு தொடங்கினார், பாய்ஸ் கம்பெனி என்பார்களே, அது. பின்னாளில் பெயர்பெற்ற நாடக நடிகர்களான டி. கே. சண்முகம் சகோதரர்கள் அதில் படித்து வந்தவர்கள்தான். அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததாகச் சண்முகம் தம் வரலாற்றில் சொல்கிறார். அப்படிப்பட்ட வாத்தியார் முன்னால் ஒரு சொல் பிசகினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். இதில் வேடிக்கை என்னவென்றால், ஷேக்ஸ்பியரின் மேடையிலும் பெண் வேடத்தைப் பையன்கள்தான் கட்டினார்கள். மெக்பெத்தின் மனைவியாக முதலில் மேடையேறியவன் உன் வயதுப் பையனாக இருந்திருப்பான். அவனுக்கும் ஒரு கண்டிப்பான வாத்தியார் இருந்திருப்பார்.

ஆனால் பாய்ஸ் கம்பெனிப் பெருமை பேசும் பெரியவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள். அடி தாங்காமல், வீட்டு நினைப்புத் தாங்காமல் இரவோடு இரவாக ஓடிப்போன பையன்களும் அங்கே இருந்தார்கள். ஜெயித்தவர்கள் வரலாறு எழுதினார்கள், ஓடியவர்கள் எழுதவில்லை. அடி வாங்கியதால்தான் நடிப்பு வந்தது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

"தோட்டத்து வாய்" என்றது இரண்டாவது வகைக் கண்டிப்பு. அது தப்பு. உன் ழகரத்தைத் திருத்த அவருக்கு உரிமை இருக்கிறது, உன் பிறப்பிடத்தை இழுக்க உரிமை இல்லை. அதிலும் அவர் சொன்ன காரணமே சரியில்லை. பழத்தைப் பளம் என்பது மதுரையிலும் நெல்லையிலும் அன்றாடம் காதில் விழுவது. சென்னைப் பக்கம் அது பயம் ஆகிவிடும். தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு என்று பல ஊர்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் தங்கள் ஊர் வாயையும் கூடவே கொண்டுவந்தார்கள். லயத்துக் காற்று பட்டு யாருக்கும் ழகரம் போகவில்லை. அதைத் தினம் ஐந்து நிமிடப் பயிற்சியில் நீயே சரி செய்துகொள்ளலாம். ளகரத்துக்கு நாக்கின் நுனி மடங்கி மேலண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு அதே மாதிரி மடங்கும், ஆனால் தொடாது. வாழை, மழை, குழந்தை, தாழ்ப்பாள் என்று தினம் கண்ணாடி முன்னால் சொல். தாழ்ப்பாளில் இரண்டும் வருவதால் அது நல்ல பயிற்சி.

நாடகத்துக்கும் தோட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று உன் ஐயாவும் நினைக்க வேண்டாம், நீயும் நினைக்க வேண்டாம். தமிழகத்து நாடகக் குழுக்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்து ஆடிய காலத்திலேயே, பகலில் ரப்பர் மரம் சீவியவர்கள் இரவில் கோயில் திடலில் வேடம் கட்டினார்கள். மாசி மாதம் காமன் கூத்து என்றால் ரதியும் மன்மதனும் வீடு வீடாக வருவார்கள். மன்மதன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் விடிய விடியப் பாட்டில் வாதாடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட நூற்றுக்கணக்கான வரிகளை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், லயங்கள் காலியானதும் அந்தக் கூட்டத்தைக் கலைத்துவிட்டன. தாமானில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாதபோது கூத்துக்கு ஆள் எப்படிச் சேரும்? உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் கேட்டுப் பார். கூத்துப் பார்க்காதவர்களாக இருந்தாலும் வானொலி நாடகம் கேட்டு வளர்ந்தவர்களாக இருப்பார்கள். சனிக்கிழமை வகுப்பில் நீ கற்கும் குரல் பயிற்சியைப் பற்றி அவர்களிடம் சொல்லிப் பார். யார் யார் எப்படிப் பேசி நடித்தார்கள் என்று உட்கார்ந்து சொல்வார்கள்.

சரி, ஐயாவிடம் எப்படிப் பேசுவது? வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு தனியாகப் போ. எல்லார் முன்னாலும் அவர் சொன்னார் என்பதற்காக நீயும் எல்லார் முன்னாலும் கேட்டால் அவர் இறங்கிவர மாட்டார், அந்த வயதுக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படிச் சொல்லிப் பார்: "ஐயா, என் உச்சரிப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்துங்கள், நான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். தோட்டத்து வாய் என்று மட்டும் சொல்லாதீர்கள் ஐயா, மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது." அவ்வளவுதான். காரணம் விளக்காதே, மதுரை நெல்லை என்று நான் சொன்னதையெல்லாம் அங்கே எடுத்துவிடாதே. அவர் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்க்காதே, பெரும்பாலும் ஏதாவது முணுமுணுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போவார். அடுத்த வாரங்களில் அந்த வார்த்தை வராமல் இருந்தால் போதும். மறுபடியும் சொன்னால், அல்லது அப்பாவின் வேலையையோ நிறத்தையோ சாதியையோ இழுத்தால், உடனே அம்மாவிடம் சொல். அம்மா வந்து பேசட்டும். வகுப்பு தமிழ்ப்பள்ளிக் கட்டடத்தில் நடக்கிறது என்றால் அங்கே பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கும், அவர்களிடமும் போகலாம். கை ஓங்கினால் இந்தப் படியெல்லாம் கிடையாது, அன்றே வீட்டில் சொல்லிவிட வேண்டும்.

குடிலன் வேடத்தை இதே பேச்சில் சேர்த்துக் கேட்காதே. இரண்டும் கலந்தால், வேடம் கிடைக்காத கோபத்தில் பேசுகிறான் என்று நினைத்துவிடுவார். ஒன்றிரண்டு வாரம் போகட்டும். அதற்குள் குடிலனின் ஒரு தனிமொழியை முழுதாக மனப்பாடம் செய். குளியலறையில் ஏற்கனவே பாதி வந்திருக்கும். பிறகு போய், "ஐயா, இந்த இடத்தை உங்களிடம் ஒருமுறை சொல்லிக் காட்டலாமா?" என்று கேள். வேடத்தைக் கொடுங்கள் என்று கேட்காதே. இன்னொரு பையன் அதற்காக உழைத்துக்கொண்டிருக்கிறான், அவன் கையிலிருந்து பிடுங்குவது நியாயமில்லை. பள்ளி நாடகத்தில் யாருக்காவது காய்ச்சல் வரும், யாருக்காவது புறப்பாட முகாம் வரும், யாராவது குடும்பத்தோடு ஊருக்குப் போய்விடுவார்கள். குடிலனைத் தெரிந்த இரண்டாவது ஆள் இருப்பது ஐயாவுக்கும் நிம்மதி. அவன் வராத நாளில் ஒத்திகைக்கு நிற்கிறேன் என்று சொல். எந்த வாத்தியாரும் அதை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. கிடைக்காமலே போனாலும் அந்தத் தனிமொழி உன்னுடையது. பள்ளிகளுக்கிடையே நடக்கும் கதை சொல்லும் போட்டி, பேச்சுப் போட்டி என்று எங்கே போனாலும் குரல் உதவும்.

சேவகனைக் கேவலமாக நினைக்காதே. மெக்பெத்தின் கடைசிப் பகுதியில் ஒரு தூதன் ஓடி வருகிறான். பெயர்கூடக் கிடையாது. காடே நகர்ந்து கோட்டையை நோக்கி வருகிறது என்று அரசனிடம் சொல்ல வேண்டும். காடு எங்கேயாவது நகருமா? சொன்னால் தன்னைப் பைத்தியம் என்பார்கள், பொய் என்றால் தூக்கில் போடுவார்கள், ஆனால் கண்ணால் பார்த்துவிட்டான். காடு நகர்ந்து வரும்வரை தனக்குத் தோல்வி இல்லை என்ற வாக்கை நம்பி அசையாமல் இருந்தவன் மெக்பெத். இந்தப் பெயரில்லாதவன் பேசிய பிறகுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. நான் நாடகம் பழக்கிய நாட்களில் இந்த வேடத்தை வகுப்பிலேயே நன்றாக நடிக்கிறவனுக்குத்தான் கொடுப்பேன். உன் சேவகன் மேடைக்கு வருவதற்கு முன்னால் எங்கே நின்றிருந்தான், எதைப் பார்த்தான், யாரைக் கண்டால் பயப்படுவான் என்று யோசித்து வைத்துக்கொள். புத்தகத்தில் இருக்காது, நீயே முடிவு செய்ய வேண்டும்.

கூட்டாளிகள் "ராஜபார்ட்" என்றால் சரி என்று தலையாட்டிவிட்டுப் போ. இரண்டு வாரத்தில் சலித்துவிடும்.

அப்பாவின் கேள்வி அப்படித் தள்ளிவிடக்கூடியதில்லை. டிராக்டர் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர், மகன் நேரத்தை எதில் போடுகிறான் என்று கேட்கத்தான் செய்வார். நாடகம் சோறு போடும் என்று பொய் சொல்லாதே, பெரும்பாலும் போடாது. பம்மல் சம்பந்த முதலியாரே வக்கீலாக இருந்து நீதிபதி ஆனவர். 1891-இல் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கி, வேலையையும் பார்த்துக்கொண்டுதான் இத்தனை நாடகம் எழுதினார், நடித்தார். இதை அப்பாவிடம் சொல்லலாம். அதைவிட அவருக்குப் புரிகிற பேச்சு இது: எஸ்.பி.எம். தமிழ் இலக்கியத்தில் நாடகமும் ஒரு பகுதி, ஆகவே சனிக்கிழமை வீணாகவில்லை. பாட எண்ணிக்கையை 10 என்று அரசு வரையறுக்கப் போனபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் விடுபட்டுப் போகும் என்று நம் சமூகம் 2009-இல் எவ்வளவு சத்தம் போட்டது என்பது அவருக்கே நினைவிருக்கும். 12 வரை எடுக்கலாம் என்று அப்போதுதான் தளர்த்தினார்கள். அந்தப் பாடத்தை எடுத்துவிட்டு அரைகுறையாகப் படிப்பதில் யாருக்கும் லாபமில்லை.

ஆனால் அப்பாவிடம் பேசப் போகும்போது கணக்கு, அறிவியல் தேர்வுத்தாளையும் கையில் வைத்துக்கொள். அந்த மதிப்பெண்கள் இறங்கியிருந்தால் நான் சொல்லிக்கொடுத்த எந்த வாதமும் நிற்காது. மேடையேற்றத்துக்கு முந்தைய வாரங்களில் ஒத்திகை வாரநாள் மாலைக்கும் நீளும், எப்போதும் நீளும். எந்தெந்த நாள், எத்தனை மணிவரை, வீட்டுக்கு யார் கொண்டுவந்து விடுவார்கள் என்பதை ஐயாவிடம் முன்னாலேயே கேட்டு எழுதி வாங்கி அப்பாவிடம் காட்டு. இரவு நேரத்தில் தோட்டத்துச் சாலையில் மோட்டார் சைக்கிளில் யார் பின்னாலாவது ஏறி வருவதாக இருந்தால் நானும் அப்பா பக்கம்தான்.